தட்டில் வளர்ந்த பிள்ளை

காளீஸ்வரியின் பாலில் அவளுடைய இறந்துபோன பிள்ளையின் முகம் முளைத்த வாரத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் லாரி வரவில்லை, லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோயிருந்தது, பிரசவ வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுத்திருந்தார்கள், ஆகவே யாரும் அதை உடனே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிருமி லேபில் இருக்கிற நசீமா டாக்டர் காலையில் தட்டை வெளியே எடுத்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார், பிறகு ரிப்போர்ட்டில், கிருமி வளர்ந்திருக்கிறது, அதிகம், குழந்தை முக வடிவில், பாலைக் கொட்டிவிடவும் என்று எழுதிவிட்டு அடுத்த தட்டை எடுத்தார். அவருக்கு அன்றைக்குப் பார்க்க வேண்டிய சளியும் சிறுநீரும் மேஜை நிறையக் காத்திருந்தன.

அந்த ரிப்போர்ட் என்னிடம்தான் வந்தது. என் பெயர் ஹெப்சிபா, தாய்ப்பால் வங்கியின் சிஸ்டர். வங்கி என்று பெரிதாகப் போர்டு வைத்திருக்கிறார்களே தவிர, உள்ளே இருப்பது இரண்டு ஃப்ரீசர், பாலைச் சூடாக்குகிற ஒரு மெஷின், பால் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி, ஒரு திரை, அப்புறம் முட்டிவலியோடு நான். தன் பிள்ளைக்குக் கொடுத்தது போக மிச்சம் ஊறுகிற தாய்மார்கள் வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். மாதம் குறைந்து, எடை குறைந்து பிறந்து, அம்மாவிடம் பால் கிடைக்காத குழந்தைகளுக்கு அதைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் சொட்டுச் சொட்டாக விடுவோம். கொடுக்கிற ஒவ்வொருத்தியின் பாலிலும் கொஞ்சம் எடுத்து மாடிக்கு அனுப்ப வேண்டும். அங்கே, ஆட்டு ரத்தம் கலந்து உறைய வைத்த உள்ளங்கை அகலத் தட்டில் அதைத் தடவி, கதகதப்பான பெட்டிக்குள் ஒரு நாள் வைத்தால், பாலில் ஒளிந்திருக்கிற கிருமி புள்ளி புள்ளியாக முளைத்துத் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

தோலில் கிடக்கிற சாதாரணக் கிருமி நாலு புள்ளி இருந்தால் பரவாயில்லை, மெஷினில் அரை மணி நேரம் சூடாக்கினால் செத்துப்போகும். பொன்னிறத்தில் முளைக்கிற ஒரு கிருமி இருக்கிறது, அதுதான் வில்லங்கம் பிடித்தது. சூட்டில் அதுவும் செத்துத்தான் போகும், ஆனால் சாவதற்கு முன்னால் பாலுக்குள் கக்கி வைத்த விஷம் சாகாது. ஆகவே அந்தப் பாலைச் சூடாக்கினாலும் பிரயோஜனம் இல்லை, கொட்டத்தான் வேண்டும். காளீஸ்வரியின் தட்டில் முளைத்தது அந்தப் பொன்னிறக் கிருமிதான். நெற்றி, உப்பின கன்னம், மூடின கண், பால் குடித்துக் குடித்துப் பச்சைப் பிள்ளைகளுக்கு மேலுதட்டில் ஒரு சின்னக் கொப்புளம் வருமே, அது உட்பட எல்லாம் இருந்தது.

எங்கள் ஊரில் வெயிலும் காலண்டரும்தான் விளைச்சல். பாதிப் பேர் அச்சாபீசில் இருக்கிறவர்கள், காளீஸ்வரியும் தினசரிக் காலண்டருக்குத் தாள் அடுக்கித் தகரம் அடிக்கிற பட்டறையில் இருந்தாள். தன்யஸ்ரீ அவளுடைய முதல் பிள்ளை. குப்புற விழப் பழகியிருந்த குழந்தை, காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில்தான் போய்ச் சேர்ந்தது. பிள்ளை போனது பாலுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஊறி, மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ள, பால் வற்றுவதற்கு மாத்திரை கேட்டு வந்தவள் என் அறை வாசலில் நின்று போர்டை வாசித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“இத வேற பிள்ளைக்குக் குடுப்பீகளா சிஸ்டர்?”

“குடுப்போம்மா.”

“அப்ப மாத்திர வேண்டாம்.”

அப்படித்தான் அவள் வாராவாரம் வர ஆரம்பித்தாள். எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன், கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவு, பம்பின் கோப்பையைக் கொதிக்கவைத்து எடு, நெஞ்சில் எதையும் தடவாதே என்று. எல்லோரும் தலையாட்டுகிற மாதிரி அவளும் தலையாட்டினாள். திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கில்லை. தன் பால் எந்தப் பிள்ளைக்குப் போயிற்று என்று அவள் கேட்டபோது பொய் சொல்லத் தெம்பில்லாமல், தட்டில் முளைத்த முகத்தையும் பாலைக் கொட்டினதையும் உள்ளபடி சொன்னேன். அவள் மாடிக்குப் போய்த் தட்டைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. “ஆமா, இவதான்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “கன்னம் வத்திப்போச்சு” என்றாள், பள்ளிக்கூட ஹாஸ்டலில் பிள்ளையைப் பார்க்கப் போன தாய் சொல்கிற மாதிரி.

பார்த்து முடித்த தட்டைச் சும்மா தூக்கிப்போட முடியாது, கிருமி வெளியே போய்விடும். பெரிய குக்கர் மாதிரி ஒரு பாத்திரத்தில் வைத்து ஆவியில் வேகவைத்துத்தான் குப்பைக்கு அனுப்ப வேண்டும். நசீமா டாக்டர் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காளீஸ்வரியே, “வேக வைங்க டாக்டர், அடுத்த வாரம் வருவா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். சொன்ன மாதிரியே அடுத்த வாரமும் தன்யஸ்ரீ வந்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள்.

வாரத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் அவள் வளர்ந்துகொண்டிருந்தாள் என்பது ஊருக்குத் தெரிய வந்ததும், ஊர் அதை எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது, அதாவது முதலில் மூக்கு யாருடைய சாடை என்பதில் தாய் வீட்டாருக்கும் தகப்பன் வீட்டாருக்கும் லேப் வாசலில் வாய்த்தகராறு வந்தது, பிறகு வாட்ச்மேன் கயிறு கட்டி ஆண்களுக்கு ஒரு வரிசை பெண்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தார், பிறகு கோயில் வாசலில் பூ விற்கிறவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மாடிப்படியின் கீழே உட்கார்ந்தாள், பிறகு பிள்ளை இல்லாதவர்களும் பிள்ளைக்குச் சுகமில்லாதவர்களும் பஸ் ஏறி வர ஆரம்பித்தார்கள். நசீமா டாக்டர் மூடியைத் திறக்கக்கூடாது, ஸ்பிரிட் இருக்கிற இடத்தில் கற்பூரம் கொளுத்தக்கூடாது என்ற இரண்டு நிபந்தனையோடு விட்டுவிட்டார். அவர் ஒரு பக்கம் சளியைத் தடவிக்கொண்டிருப்பார், முதுகுக்குப் பின்னால் குலவைச் சத்தம் கேட்கும், அவர் திரும்பக்கூட மாட்டார். சிபாரிசோடு வருகிற பெரிய மனிதர்களும் வரிசையில்தான் நின்றார்கள்.

கொட்டுகிற வேலை மட்டும் என் தலையில் இருந்தது. பாலைக் கால்படுகிற இடத்தில் ஊற்றக்கூடாது என்பார்கள், சாக்கடையில் விட எனக்கும் மனசு வராது, அதனால் பின்பக்கம் வாதாம் மரத்தடியில் கொண்டுபோய் ஊற்றுவேன். ஊற்றிவிட்டு நிமிர்வதற்குள் ஐந்தாறு பேர் அந்த ஈர மண்ணைக் கிள்ளித் தாளில் மடிப்பார்கள். பக்கத்து வார்டில் ஒரு ஸ்பூன் பாலுக்கு வழியில்லாமல் பிள்ளைகள் கிடக்க, நல்ல கெட்டியான பாலை வாராவாரம் மரத்துக்கு வார்ப்பது எவ்வளவு அலுப்பான காரியம் என்று யாரிடம் சொல்ல?

பல் முளைத்த பிறகு, மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்று பேச்சு வந்தது. உயிரோடு இருந்தபோது நடக்காமல் போன சடங்கு. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த காளீஸ்வரியின் அண்ணன், தாய்மாமன் முறைக்குப் பட்டுப்பாவாடை, வளையல், வாழைத்தார் எல்லாம் தாம்பாளத்தில் ஏந்தி மேளத்தோடு ஆஸ்பத்திரிப் படி ஏறி வந்தான். லேப் ஸ்டூலில் உட்கார்ந்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டின தட்டை மடியில் வைத்துக்கொண்டான். நாவிதர் மூடிக்கு மேலே காற்றில் கத்தியை ஓட்டினார். ஆசாரி சற்று விழித்தார், அப்புறம் மூடியின் மேலேயே இரண்டு பக்கமும் தங்க ஊசியால் தொட்டு எடுத்தார். தாய்மாமன் கண் கலங்கினான். எல்லோருக்கும் வராந்தாவில் எலுமிச்சம் சாதம் கொடுத்தார்கள், நானும் வாங்கிச் சாப்பிட்டேன், உப்புத்தான் கொஞ்சம் கம்மி. அடுத்த வாரத் தட்டில் தலை மழமழவென்று இருந்தது, இரண்டு காது மடலிலும் கடுகளவு இடத்தில் கிருமி வளராமல் தட்டின் சிவப்பு தெரிந்தது. நசீமா டாக்டர் அதையும் ரிப்போர்ட்டில் எழுதினார்.

பெரிய அச்சாபீஸ் வைத்திருக்கிற ரத்தினவேல் அண்ணாச்சி வந்து, வருகிற வருஷத்துக் காலண்டரில் பாப்பா முகத்தைப் போடலாம், நல்ல காரியத்துக்குத்தான் என்று கேட்டார். அவருடைய பட்டறையில்தான் காளீஸ்வரி வேலை பார்த்தாள்.

“வேணாம் அண்ணாச்சி, தாளக் கிழிச்சுக் கிழிச்சு எறிவாக” என்றாள் அவள்.

“தாள்ல இல்லம்மா, மேல அட்டையில போடுறது. அட்டையக் கிழிக்க மாட்டாங்கல்ல.”

“வருசம் முடிஞ்சா அட்டையயும் தூக்கித்தான போடுவாக.”

அண்ணாச்சி காலண்டர் தொழிலிலேயே நரைத்தவர். டீ குடித்துவிட்டுப் போனார்.

இப்படியே போயிருக்கும். தொடர்ந்து கிருமி வந்தால் அந்தத் தாயிடம் பால் வாங்குவதை நிறுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது, அதை அவளிடம் சொல்ல டாக்டரும் முன்வரவில்லை, நானும் முன்வரவில்லை, ஏனென்றால் அவள் வாரம் முழுக்க அந்த ஒரு காலைக்காகத்தான் எழுந்து நடமாடினாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது அவள் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு வயசைத் தாண்டின தன்யஸ்ரீயின் உதடு வாரத்துக்கு வாரம் பிரிந்துவந்தது. “அம்மான்னு சொல்லப்போறா சிஸ்டர். இந்த வாரம் இல்லாட்டி அடுத்த வாரம்” என்றாள். தட்டு எப்படிம்மா பேசும் என்று நான் கேட்கவில்லை. தட்டில் முகம் எப்படி வரும் என்றே யாரும் கேட்டிருக்கவில்லை.

தீபாவளி முடிந்து மழையும் பிடித்துக்கொண்டபோது பால் கொடுக்கிறவர்கள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள், கொட்டுவதற்கு வைத்திருந்த காளீஸ்வரியின் பாலைத் தவிர என்னுடைய இரண்டு ஃப்ரீசரும் காலியாயின. அந்த நேரம் பார்த்து ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது, ஒரு கிலோகூட இல்லை, கையெல்லாம் தீக்குச்சி. தாய் ஜன்னி கண்டு, நினைவு தப்பி, மூச்சு மெஷினில் கிடந்தாள். தகப்பன் சங்கிலிராஜ், அச்சாபீசுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், அங்கும் இங்குமாக இரண்டு வார்டுக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் பவுடர் பால் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். குழந்தையின் வயிறு உப்பிப் பளபளவென்று ஆகிவிட்டது. உடனே நிறுத்திவிட்டு, இந்தக் குடலுக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் ஆகாது, வெறும் குளுக்கோஸில் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்காது, எங்கேயாவது பால் பாருங்கள் சிஸ்டர் என்று குழந்தை டாக்டர் என்னிடம் சொன்னார். பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போட்டேன். அங்கேயும் இதே கதைதான்.

சங்கிலிராஜ் நேராக என் அறைக்கு வந்தான்.

“சிஸ்டர், காளீஸ்வரி பால் இருக்குல்ல. அந்தப் பாலக் குடுங்க.”

“அதக் குடுக்க முடியாதுப்பா. அதுல கிருமி இருக்கு.”

“கிருமியா? ஊரே வந்து கும்புடுது, நீங்க கிருமிங்கிறீக. பிள்ள மொகம் உள்ள பாலு பிள்ளையக் கெடுக்குமா?”

“கெடுக்கும். கும்புடுறவுகளுக்கு அது பிள்ளை. உன் மக குடலுக்கு அது விஷம். பெரிய ஆளுகளுக்கே வாந்தி பேதி புடுங்கும், இது ஒரு கிலோகூட இல்ல.”

அவன் பின்னால் வரிசையில் நிற்க வந்த கூட்டம் கூடிவிட்டது. இந்தச் சிஸ்டருக்குப் பிடிவாதம், வேதக்காரி, அதனால்தான் நம்பிக்கை இல்லை என்று ஒருத்தி சொன்னாள். வாதாம் மரத்து மண்ணைத் தின்று தன் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று இன்னொருத்தி சொன்னாள். மரத்துக்கு ஊற்றுகிற பாலைப் பிள்ளைக்கு ஊற்றினால் குறைந்தா போய்விடும் என்று வாட்ச்மேன்கூடக் கேட்டார். முப்பது வருஷமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன், இவர்களில் பாதிப் பேரைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கொடுத்தவளே நான்தான், அன்றைக்கு எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது, கோபப்படவும் உடம்பில் வலு இல்லை. ஃப்ரீசர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

அன்றைக்குக் காளீஸ்வரி வருகிற நாள். அவள் வந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகு, என் பழக்கத்தை மீறித் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள்ளிருந்து எடுத்த ஒரு துணி, மஞ்சள் பாய்ந்து மொடமொடவென்று காய்ந்த துணி. அதை வைத்து மார்பைத் துடைத்து, பம்பின் கோப்பையையும் உள்ளே சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு மறைக்கவில்லை.

“ஏப்பம் எடுக்கையில தோள்ல போடுற துணி சிஸ்டர். கடைசியாக் கக்குனது இதுலதான். தொவைக்கல.”

“இதனாலதான் வருதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும். ஒரு தடவ துணிய வீட்டுலயே மறந்துட்டு வந்துட்டேன். மொளகாய் கிள்ளுன கையின்னு சோப்புப் போட்டும் கழுவியிருந்தேன். அந்த வாரம் பாதி மொகந்தான் வந்துச்சு, அதுவும் மங்கலா. அப்பறம் நான் மறக்கிறதில்ல.”

சங்கிலிராஜின் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன், வயிறு உப்பினதைச் சொன்னேன், ஊரில் வேறு சொட்டுப் பால் இல்லை என்பதைச் சொன்னேன், இந்தத் துணியில்லாமல் கையைக் கழுவி ஒரு தடவை எடுத்துக்கொடு என்று கேட்டேன். அவள் நசீமா டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் இறங்கி வந்தார்.

“டாக்டர், கழுவிட்டு எடுத்தாலும் அவ வருவாளா?”

நசீமா டாக்டருக்கு ஆறுதலுக்குக்கூடப் பொய் வராது. “வர மாட்டாம்மா” என்றார்.

“கொஞ்சூண்டாச்சும்?”

“சுத்தமான பால்ல எதுவும் வளராது. ஒண்ணும் வளரலன்னாத்தான் அதைச் சுத்தம்னு சொல்லுவோம்.”

“அப்ப எம் பிள்ளைய அழுக்குங்கிறீகளா?”

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, நாற்காலி ஒன்றுதான் இருந்ததால், தரையிலேயே அவள் காலடியில் உட்கார்ந்தார். “எனக்கும் காலையில அவள ஒரு தடவை பார்க்கலன்னா வேலை ஓடாதும்மா. ஆனா அவ கிருமிதான். நான் வேற எப்படிச் சொல்லுவேன்?” என்றார்.

காளீஸ்வரி துணியை மடித்துக் கவருக்குள் வைத்தாள். பால் எடுக்கவில்லை. கழுவிவிட்டு எடுப்பதை அடுத்த வாரம் பார்க்கலாம் சிஸ்டர், நாளைக்கு வந்து துணியோடு எடுக்கிறேன், இந்த வாரம் வாய் திறந்துவிடுவாள், ஒரே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். அடுத்த வாரம் வரைக்கும் அந்தக் குழந்தை இருக்காது என்று நான் சொன்னேன். தன் பிள்ளையும் இருக்கவில்லையே என்று அவள் சொன்னாள். அதற்கு மேல் பேச எனக்கு உரிமை இல்லை, அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்ததும் வெளியே சங்கிலிராஜ் நின்றான். காளீஸ்வரியைக் கண்டதும் நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்துவிட்டான். அவளைவிட அவனுக்கு வயசு கூட, அவள் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள்.

“தாயி, இவுக தர மாட்டேங்கிறாக. நீயே குடு. தன்யா பாப்பா இருக்கிற பாலக் குடு. எம் மகள அவ பாத்துக்கிடுவா.”

“யாரு?”

“உம் மகதான். அவ உள்ள போனாப் போதும், எம் பிள்ளைய அவ பாத்துக்கிடுவா.”

காளீஸ்வரி அவனையே பார்த்தாள். கூட்டத்தையும் பார்த்தாள், பூக்கூடை, கயிறு, வளையல் மாலை, எல்லாவற்றையும் அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறவள் மாதிரிப் பார்த்தாள்.

“அவ என்னத்தண்ணே பாத்துக்கிடுவா? அவளே சின்னப் பிள்ள” என்றாள்.

அவன் மறுபடியும் கும்பிட்டான். அவள் எரிச்சலோடு, வீட்டில் விருந்தாளியிடம் பேசுகிற சத்தத்தில் சொன்னாள்: “ஒன்ற வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆசையில கண்ணக் குத்தும், மேல விழுகும், தெரியாமச் செய்யும். பச்சப் பிள்ள பக்கத்துல அது போனா, பெத்தவதான கையப் பிடிச்சு இழுத்துக்கிடணும். எந்திரிங்கண்ணே. எந்திரிச்சு அங்கிட்டுப் போய் உக்காருங்க.”

சொல்லிவிட்டு உள்ளே திரும்பி வந்து, கவரை வாசலுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, வளையலைக் கழற்றி என் மேஜையில் வைத்தாள். குழாயடியில் போய் நின்றாள்.

“எப்பிடிக் கழுவணும், சொல்லுங்க.”

சொன்னேன். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண், கட்டை விரல், மணிக்கட்டு, முழங்கை. அவள் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். பட்டறையில் பசை ஊறிப் பிளந்த விரல்கள், சோப்பு எரிந்திருக்கும். கோப்பையை நான் கொதிக்கவைத்து எடுத்துக் கொடுத்தேன். வெந்நீரில் அலசிய துணியால் மார்பைத் துடைத்துவிட்டு, எதையும் தொடாமல், இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பால் வந்த சத்தம் திரைக்கு வெளியே எனக்குக் கேட்டது. வழக்கத்தைவிட நிறைய எடுத்துக் கொடுத்தாள். பச்சையாகக் கொஞ்சமும், மெஷினில் சூடாக்கின பிறகு கொஞ்சமும் மாடிக்குப் போயின. தட்டு சொல்லும் வரை அந்தப் பாலைத் தொட முடியாது, ஆகவே அன்று முழுக்கச் சங்கிலிராஜின் மகள் குளுக்கோஸிலேயே கிடந்தாள். காளீஸ்வரி வீட்டுக்குப் போகவில்லை. அவள் புருஷன் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவனும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலையில் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம், பாப்பா வாய் திறக்கப்போகிறாள் என்ற செய்தி பஸ் ஸ்டாண்டு வரை போயிருந்தது. நசீமா டாக்டர் பெட்டியைத் திறந்து தட்டுகளை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், லென்ஸ் வைத்துப் பார்த்தார், ஓரத்தில் ஏதாவது இருக்குமோ என்று மறுபடியும் பார்த்தார். கிருமி இல்லாவிட்டால் சந்தோஷப்படுகிற மனுஷி, அன்றைக்கு ஒரு புள்ளியைத் தேடினார் என்று நான் சத்தியம் செய்வேன். இரண்டு தட்டுமே ஊற்றி வைத்த மேனிக்குச் சிவப்பாக, வழவழப்பாக இருந்தன.

“வளர்ச்சி இல்லை. கொடுக்கலாம்” என்றார்.

கூட்டம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் இருந்தவள் என்னைப் பார்த்து, கழுவிக் கழுவிப் பிள்ளையை அனுப்பிவிட்டீர்களே என்று ஒரு பாட்டம் அழுதாள். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு இருந்தது. அடுத்த வாரம் வருமா என்று சிலர் கேட்டார்கள், டாக்டர் அடுத்த தட்டை எடுத்தார். மதியத்துக்குள் வாட்ச்மேன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிவிட்டார், பூக்காரி கோயில் வாசலுக்கே திரும்பிப் போய்விட்டாள். இந்த ஊர் பழைய வருஷத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பழகின ஊர், அதற்கு இது ஒன்றும் பெரிய சிரமமாக இல்லை.

நான் பாலை உருக்கி, கதகதப்பாக்கி, ஊசிக்குழலில் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். ஒரு ஸ்பூனில் பாதிகூட இல்லை, அவ்வளவுதான் முதல் வேளை. மூக்குக் குழாயில் அது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்கியது. சங்கிலிராஜ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூச்சுவிடாமல் நின்றான். வயிறு உப்பவில்லை. அடுத்த வேளைக்கு முன்னால் குழாயில் இழுத்துப் பார்த்தோம், பால் தங்கவில்லை, செரித்திருந்தது. குழந்தை டாக்டர், கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், விடாமல் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும், ஆனால் பால் விட்டுப்போகக்கூடாது என்றார்.

அதைச் சொல்லத்தான் காளீஸ்வரியைத் தேடிப் போனேன். அவள் லேபில் இருந்தாள். வேகவைப்பதற்கு எடுத்து வைத்திருந்த காலித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவள் பக்கத்தில் நின்றிருந்தார்.

“ஒண்ணுமே இல்லையா டாக்டர்?”

“ஒண்ணுமே இல்லம்மா.”

“பிள்ளைக்குச் செரிச்சிருச்சா சிஸ்டர்?”

“செரிச்சிருச்சு. இன்னும் வேணும்ங்கிறாக. தெனமும் வேணும்.”

அவள் தலையாட்டினாள். தட்டை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு என்னோடு படியிறங்கி வந்து, வளையலைக் கழற்றி, குழாயைத் திறந்து, சோப்பெடுத்து, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று நான் சொல்லாமலே முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவி முடித்தாள். கையைத் தூக்கிப் பிடித்தபடி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. பிள்ளையைப் புதைத்த அன்றுகூட அப்படி அழுதிருக்க மாட்டாள், உடம்பு மொத்தமும் ஆடியது, நான் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நிறுத்தச் சொல்லவில்லை. ரொம்ப நேரம் அழுதாள். அழுது ஓய்ந்து, புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். துடைத்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து குழாயடிக்குப் போய், முதலிலிருந்து கழுவ ஆரம்பித்தாள்.